டிஷ்வாஷரில் சூடு ஏறவில்லையா? சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பிரியாணி செய்த குண்டான் டிஷ்வாஷரிலிருந்து வெளியே வந்த பிறகும் விரலில் பிசுக்கு ஒட்டுகிறது. சோப்பு மாத்திரை பாதி கரையாமல் பெட்டியிலேயே கிடக்கிறது. இல்லையென்றால் கழுவல் முடிகிற வழியைக் காணோம். மீதி நேரம் காட்டும் எண் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. சர்வீஸுக்குப் போன் செய்தால் பெரும்பாலும் வருகிற முதல் பதில், "சென்சார் போயிருக்கும்."

போயிருக்கலாம். ஆனால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதே அறிகுறிகளைக் கொண்டுவர இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்: போர் தண்ணீரின் உப்பு, கோடையில் இறங்கும் வோல்டேஜ், மொட்டைமாடி டேங்க். இவர்களை விசாரிக்காமல் சென்சாரை மாற்றினால் பணம் போகும், பிசுக்கு போகாது. சென்சாரைச் சோதிப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒரு மல்டிமீட்டர், சமையலறைத் தெர்மாமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட் இருந்தால் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மீட்டரே தாராளம். மெஷின் வாரண்டியில் இருந்தால் மட்டும் எதையும் திறக்காதீர்கள். திறக்காமல் செய்யும் சோதனைகளை முடித்துவிட்டு கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது

வீட்டு டிஷ்வாஷர்களில் இருப்பது பெரும்பாலும் என்.டி.சி. தெர்மிஸ்டர் என்ற சின்னப் பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். போர்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) அந்த மின்தடையைப் பார்த்துத்தான் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுகிறது. ஹீட்டரைப் போடுவதும் அணைப்பதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். சில மெஷின்களில் அது தண்ணீர் தேங்கும் அடிக்குழியில் தனியாகச் செருகியிருக்கும். சிலவற்றில் ஹீட்டரோடும் பம்போடும் ஒரே கட்டாக வரும். இன்னும் சிலவற்றில் தண்ணீரின் கலங்கலைப் பார்க்கும் சென்சாருக்குள்ளேயே இருக்கும்.

கெட்டுப்போன சென்சார் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். மின்தடை இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டினால், தண்ணீர் இன்னும் ஆறியிருக்கிறது என்று போர்டு நினைத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தாது. பிளாஸ்டிக் டப்பா மூடிகள் நெளிவது, கதவைத் திறந்தால் அளவுக்கு மீறி ஆவி அடிப்பது இந்த வகை. குறைவாகக் காட்டினால் நேர்மாறு: தண்ணீர் சுடவே இல்லை, போர்டோ "சூடாகிவிட்டது" என்று ஹீட்டரை அணைத்துவிடும். வயர் முழுக்க அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ நிறைய மெஷின்கள் நேரடியாகப் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். எல்ஜியில் 'டிஇ' என்று வந்தால் வெப்பநிலை பற்றிய புகார், 'ஹெச்இ' என்றால் ஹீட்டர் பற்றியது. போஷில் இ09 ஹீட்டர் பக்கம் கைகாட்டும். உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். குறியீடு எந்தத் தெருவில் தேடுவது என்றுதான் சொல்லும். எந்த வீடு என்று மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

திறக்காமலே தெரிந்துகொள்வது

முதலில் ஃபில்டர். கறிவேப்பிலை, புளிச்சக்கை, கத்திரிக்காய் விதை, எல்லாம் போய் உட்காரும் இடம் அது. ஃபில்டர் அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்றால் பல மெஷின்கள் ஹீட்டரைப் போடவே போடாது. அதைக் கழுவி மாட்டிவிட்டு, எந்தப் புரோகிராம் போடுகிறீர்கள் என்றும் பாருங்கள். ஈக்கோ என்றால் பொதுவாக 50 டிகிரியை ஒட்டித்தான் சூடு. எண்ணெய்ச் சட்டிகளை ஈக்கோவில் போட்டுவிட்டு சென்சாரைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

அடுத்தது, ஹீட்டர் எரிகிறதா என்று ஈபி மீட்டரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மீட்டரில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு டிஷ்வாஷரை மட்டும் அதிகச் சூட்டுப் புரோகிராமில் ஓட விடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று எண்ணி, அறுபதால் பெருக்கி, முகப்பில் இருக்கும் எண்ணால் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். முகப்பில் 3200 என்று இருந்தால், 2 கிலோவாட் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 107 துடிப்பு. பம்பு மட்டும் ஓடினால் துடிப்பு மிக மெதுவாக இருக்கும். ஹீட்டர் விழுந்ததும் சடசடவென்று வேகம் எடுக்கும். அந்த வேகம் வரவே இல்லை என்றால் ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை. வந்து, இரண்டே நிமிடத்தில் நின்றுவிட்டு, தண்ணீரும் ஆறியே இருந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாவது, தெர்மாமீட்டர். 70 டிகிரி புரோகிராமைப் போடுங்கள். முன்கழுவல் தண்ணீர் வெளியேறி, சோப்புப் பெட்டி திறந்த பிறகு இருபது நிமிடம் போல விடுங்கள். பிறகு நிறுத்தி, கதவை விரல் அளவு திறந்து, ஆவி அடங்கும் வரை முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குழியில் நிற்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அறுபதுக்கு மேல் இருந்தால் சூட்டில் குறை இல்லை. பிசுக்குக்குக் காரணம் வேறு. டேங்க் தண்ணீர் எந்தச் சூட்டில் வந்ததோ அங்கேயே நின்றால் சூடு ஏறவில்லை. எண்பதைத் தாண்டிப் போயிருந்தால் சென்சார் பொய் சொல்கிறது.

இங்கேதான் மொட்டைமாடி டேங்கைக் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு வேலூரில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர்தான் வரும். 40 டிகிரி தண்ணீர் மெஷினுக்குள் போகிறது. 50 டிகிரி ஈக்கோ புரோகிராமில் ஹீட்டருக்கு அப்போது வேலை கொஞ்சம்தான். ஹீட்டர் செத்துக் கிடந்தாலும் பாத்திரம் ஓரளவு சுத்தமாகவே வரும். மார்கழி விடியலில் சில்லென்ற தண்ணீர் இறங்கும்போதுதான் பிசுக்கு வெளியே வருகிறது. ஆகவே "போன வாரம் வரை நன்றாகத்தான் ஓடியது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பழுது சித்திரையிலேயே வந்திருக்கலாம். சோதனையை விடியற்காலையில், தண்ணீர் ஆறியிருக்கும்போது செய்வது நல்லது.

வோல்டேஜையும் ஒரு முறை பாருங்கள். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர் 190 வோல்ட்டில் 1365 வாட்தான் தரும். தெருவே ஏசி போட்டிருக்கும் மே மாத இரவில் கழுவல் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதே பாத்திரங்களைக் காலையில் போட்டு நேரத்தை ஒப்பிட்டால் புரிந்துவிடும்.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயை மூடுங்கள். அடிக்குழியில் நிற்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் எடுத்துவிடுங்கள். போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் பத்து நிமிடம் விட்டுவிட்டுத் தொடுங்கள். கையுறை கட்டாயம், உள்ளே தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். இந்த வழிகாட்டியில் இனி வரும் எந்த அளவும் கரண்ட் இருக்கும்போது எடுப்பதில்லை.

நிறைய மெஷின்களில் கதவுக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றினாலே அடிப்பகுதி தெரியும். கை போகவில்லை என்றால் பக்கவாட்டுத் தகடு. மெஷினைச் சாய்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணீர் வழிந்து வயர்களில் பட்டால் புதுப் பிரச்சினை ஆரம்பம். எதைக் கழற்றும் முன்னும் மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

மீட்டரில் என்ன வர வேண்டும்

சென்சாருக்குப் போவது மெல்லிய இரண்டு வயர். ஹீட்டருக்குத் தடித்த வயர். கலங்கல் சென்சாரோடு சேர்ந்த வகையில் மெல்லிய வயர்கள் கூடுதலாக இருக்கும். அதற்கு உங்கள் மாடலின் வயரிங் படம் வேண்டும், ஊகத்தில் அளக்காதீர்கள்.

முதலில் மீட்டரையே சோதியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கி, மீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து அளந்தால் 10-ஐ ஒட்டி வர வேண்டும். சாதாரண வகையில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று கோடுகள் இருக்கும். வரவில்லை என்றால் மீட்டர் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறம் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் முனைகளில் நேரடியாக அளங்கள். கழற்றாமல் அளந்தால் போர்டின் மின்தடையும் சேர்ந்து வந்து குழப்பும். இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் உங்கள் உடம்பும் கணக்கில் சேரும்.

இனிதான் முக்கியமான இடம். பரவலாக இருக்கும் வகை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். இணையத்திலும் சர்வீஸ் தாள்களிலும் இந்த எண்தான் சுற்றுகிறது. ஆனால் அது 25 டிகிரிக்கான எண். நம் ஊர்ச் சமையலறை மே மாதத்தில் 25 டிகிரியில் இருக்காது. சத்துவாச்சாரியில் அண்ணி வீட்டுக்கு வந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பத்து வரணும் மேடம், ஆறுதான் வருது, சென்சார் அவுட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அந்தச் சமையலறை 37 டிகிரி. 37 டிகிரியில் அந்தச் சென்சார் ஆறுதான் காட்ட வேண்டும்! கடைசியில் பார்த்தால் ஹீட்டர் முனையில் இருந்த கனெக்டர்தான் கருகியிருந்தது.

25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள வகைக்கு உத்தேசமான அளவுகள் இவை. சென்சாரின் தயாரிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

30 டிகிரி: 8 கிலோ ஓம், கொஞ்சம் கூடலாம்
35 டிகிரி: 6.5 முதல் 6.9
40 டிகிரி: 5.3 முதல் 5.8
50 டிகிரி: 3.6 முதல் 4.1
60 டிகிரி: 2.5 முதல் 3

எல்லா மெஷினிலும் 10 கிலோ ஓம் வகைதான் இருக்கும் என்றில்லை. 50 கிலோ ஓம் வகையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. இந்த வகைச் சென்சார்கள் பெரும்பாலானவற்றில் 30 டிகிரியில் வரும் அளவு, 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கும். தொடக்க எண் எதுவானாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆகவே ஒரே அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு சூட்டில் அளந்துவிடுங்கள்.

அதற்குச் சென்சாரை வெளியே எடுத்தால் வசதி. ஒரு டம்ளரில் அறை வெப்பத் தண்ணீர், இன்னொன்றில் சுடுதண்ணீர். தெர்மாமீட்டரையும் சென்சாரின் உலோக முனையையும் ஒன்றாக விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து அளங்கள். கனெக்டர் பக்கம் தண்ணீர் படக் கூடாது. சுடுதண்ணீர் ஆற ஆற மீட்டர் எண் வழுக்கிக்கொண்டு மெதுவாக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ, ஒரு சூட்டில் திடீரென்று திறந்த சர்க்யூட் (இணைப்பு அறுந்த நிலை) காட்டினாலோ உள்ளே விரிசல். அறை வெப்பத்தில் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் தடுமாறும் சென்சார்கள்தான் எல்லோரையும் ஏமாற்றுபவை. கடைசியாக, ஒவ்வொரு முனைக்கும் சென்சாரின் உலோக உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

மின்தடை எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியோ, எப்போதும் திறந்த சர்க்யூட்டாகவோ இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடலாம்.

சென்சார் நல்லது, ஆனாலும் குறை தீரவில்லை

வயரைப் பாருங்கள். டிஷ்வாஷரின் அடி இருட்டாக, கதகதப்பாக இருக்கும். எலிக்கு அதைவிட நல்ல இடம் எது? போர்டு பக்கத்தில் சென்சார் கனெக்டரைக் கழற்றி, அந்த வயர் வழியாகவே சென்சாரை அளங்கள். சென்சார் முனையில் வந்த அதே எண் இங்கேயும் வர வேண்டும். வயரை அசைத்துக்கொண்டே பாருங்கள். எண் ஆடினால் எங்கோ கடிபட்டிருக்கிறது, அல்லது கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது. பச்சை பூத்த முனையைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்தால் இறுக்கி மாட்டினால் பல நேரம் வேலை முடிந்தது. போர்டில் கரப்பான் பூச்சி செத்து ஒட்டியிருப்பதும் இங்கே சகஜம்.

அடுத்து ஹீட்டர். வயர்களைக் கழற்றிவிட்டு முனைகளில் அளந்தால் 1800 முதல் 2000 வாட் ஹீட்டருக்கு 26 முதல் 30 ஓம் வரை வரும். முனைக்கும் எர்த்துக்கும் நடுவே எதுவும் வரக் கூடாது. வந்தால் மெஷினை இனி ஓட்டவே வேண்டாம். ஹீட்டரும் சரி, சென்சாரும் சரி, வயரும் சரி என்றால் போர்டில் ஹீட்டரைப் போடும் ரிலே (சுவிட்ச் போன்ற பாகம்) போயிருக்கலாம், அல்லது அதன் ஈயப் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கலாம். அதற்கு மேல் கரண்ட் வைத்துச் சோதிக்க வேண்டும். அது பழகியவர் வேலை, அவரிடம் விட்டுவிடுங்கள்.

உப்பு

பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைகள் நெருங்கிய வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்த துயரம். சுண்ணாம்பு உப்பு தண்ணீர் சூடாகும் இடத்தில்தான் முதலில் படியும். ஆகவே ஹீட்டரும் அதன் அருகில் இருக்கும் சென்சாரும்தான் முதல் பலி. சென்சாரின் மேல் படிந்தால், மின்தடை சரியாகவே இருந்தாலும் சூட்டைத் தாமதமாக உணரும். போர்டு ஹீட்டரை நிறுத்துவதற்குள் தண்ணீர் வேண்டிய அளவைத் தாண்டிவிடும். டம்ளர் சோதனையில் சென்சார் தேறிவிட்டு, மெஷினுக்குள் மட்டும் தடுமாறினால் அதன் முனையில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து முனையை ஊற வைத்தால் படிவு போய்விடும், உலோகத்தால் சுரண்டாதீர்கள். மெஷின் முழுவதற்கும் என்றால் நூறு கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, பாத்திரம் இல்லாமல் சூடான புரோகிராமில் ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ வேறு கிளீனரையோ சேர்க்கவே கூடாது. உப்புத் தொட்டியில் டிஷ்வாஷர் உப்பு இருக்கிறதா, தண்ணீர்க் கடினத்தன்மை அமைப்பு கடையில் வந்தபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மெஷின்களின் மென்மையாக்கி (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் பகுதி) லிட்டருக்கு 890 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு வரைதான் சமாளிக்கும். அதற்கு மேல் போகும் போர் தண்ணீர் என்றால், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகள் அந்தக் குடிநீர்த் தொட்டியிலிருந்து டிஷ்வாஷருக்கு ஒரு லைன் இழுத்துக்கொள்வது எந்த சென்சாரையும்விட லாபம்.

மாற்றுவது

கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுக்கக் குறித்துக்கொண்டு அதற்கான பாகத்தையே வாங்குங்கள். "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்று விற்கும் சென்சார் மின்தடையில் ஒத்துவந்தாலும் நீளத்திலோ ரப்பர் வளையத்திலோ ஒத்துவராது. ஹீட்டரோடு சேர்ந்த வகை என்றால் மொத்தக் கட்டையும் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவைக் கேட்ட பிறகு மெஷினின் வயதையும் யோசியுங்கள்.

புதுசை வாங்கியதும் மாட்டுவதற்கு முன்பே அறை வெப்பத்தில் அளந்து எழுதிவையுங்கள். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். வளையம் உட்காரும் இடத்தில் உப்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். கீழ்த் தகட்டை மூடும் முன் தண்ணீர்க் குழாயைத் திறந்து, பிளக் மாட்டி, ஒரு குட்டிப் புரோகிராம் ஓட விட்டு, டார்ச் அடித்து எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் பல மெஷின்கள் கசிவு என்று நினைத்து நின்றுவிடும்; போஷில் இது இ15 என்று வரும். கழற்றும்போது சிந்திய தண்ணீருக்கும் இதே கதிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கந்தல் துணியால் அடித்தட்டை ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் காயவிட்டு மறுபடியும் போடுங்கள். காய்ந்த தட்டிலும் அதே குறியீடு திரும்ப வந்தால், வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.